மரை அழிந்த துளையைச் சீர்செய்தல்

அறிவு தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்று கேலியாகக் குறிப்பது நம் நாட்டுப் பேச்சு வழக்கு. இயந்திரங்களோடு பழகியவர்களே இவ்வழக்கைத் தோற்றுவித்திருத்தல் வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஏனெனில், ஓர் இயந்திரத்தின் உறுப்புகள் யாவும் தத்தம் இடத்தில் உறுதியாக நிற்பதற்குக் காரணம் மரையே. மரை பிடிப்பை இழந்தால், எத்துணைச் சிறந்த எஞ்சினும் எண்ணெய் கசிந்து, அதிர்ந்து, நாளடைவில் பயனற்றுப் போகும். மோட்டார் சைக்கிளில் போல்ட்டு பூட்டும் துளைகளின் மரை எவ்வாறு அழிகிறது, அதனை எவ்வாறு சீர்செய்யலாம், எவ்விடத்தில் சீர்செய்ய முற்படலாகாது என்னும் மூன்று செய்திகளையும் இங்கே முறையாக நோக்குவோம்.

மோட்டார் சைக்கிள் என்பது இன்று பொழுதுபோக்குக்கான வண்டியன்று. உழைக்கும் மக்களின் கால்களாகவே அது ஆகிவிட்டது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு புனே நகரின் கிழக்குப் புறத்தில், சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்துள்ள ஹடப்சர் ஆகும். கால்வாய்ப் பாசனத்தால் விளைந்த வயல்கள் சூழ்ந்திருந்த இவ்வூரில், 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிர்லோஸ்கர் நியூமேட்டிக் நிறுவனம் காற்றழுத்த இயந்திரங்களைச் செய்யலாயிற்று. 1966ஆம் ஆண்டில் சீரம் நிறுவனம் தோன்றித் தடுப்பு மருந்துகளை ஆக்கத் தொடங்கியது. பின்னர், மகர்பட்டா உழவர்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்துப் புதுநகர் ஒன்றை எழுப்பினர். கணினி அலுவலகங்கள் பலவும் அங்கு வந்தமைந்தன. இத்தனை வேலைத்தலங்களுக்கும் நாள்தோறும் சென்று திரும்பும் மக்களில் பெரும்பாலார் நம்பியிருப்பது இருசக்கர வண்டியையே. தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் அங்கு குடியேறியவர்களும் இதற்கு விலக்கல்லர்.

வண்டிகள் பெருகிய இடத்தில் பழுதுபார்க்கும் பட்டறைகளும் பெருகுதல் இயல்பே. அப்பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் ‘மரை போய்விட்டது’ என்பது. எண்ணெய் மாற்றும்பொழுது அடியிலுள்ள வடிகால் போல்ட்டை இறுக்குகிறார்கள். போல்ட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் இறுகுவதில்லை. இது சிறு தொல்லைபோலத் தோன்றலாம். ஆயினும் அவ்வழியே கசியும் எண்ணெய் பின் டயரின்மேல் படிந்தால், மழை நாளில், கனரக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. எண்ணெய் முற்றிலும் வடிந்துபோனால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அன்றைய கூலியும் போகும். எஞ்சினைச் செப்பனிடும் செலவும் தலைமேல் விழும். ஆகவே மரை அழிவது உயிருக்கும் பொருளுக்கும் கேடு விளைக்கக்கூடிய பழுதேயாகும்.

முதலில் மரையின் இயல்பை அறிந்துகொள்வோம். முக்கோண வடிவில் வெட்டிய தாளொன்றைப் பென்சிலின்மீது சுற்றினால், அதன் சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றிப் படியேறுவதைக் காணலாம். மரை என்பதும் இவ்வாறு உருளையின்மேல் சுற்றப்பட்ட சாய்தளமே. சாய்தளத்தின் வழியாகப் பெரும்பாரத்தைச் சிறுவிசையால் ஏற்றுவது போல, மரையின் வழியாகக் கையின் சிறுவிசை மிகப் பெரிய பிடிப்பாக மாறுகிறது. ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள போல்ட்டு ஒன்றைப் பத்து நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அது இரு உறுப்புகளையும் ஏறத்தாழ எண்ணூறு கிலோ எடை அழுத்துவது போன்ற வலிமையுடன் சேர்த்துப் பிடிக்கிறது. இறுக்கப்பட்ட போல்ட்டு மிக நுண்ணிய அளவில் நீண்டு, சுருள்வில் போன்று உறுப்புகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தப் பெரும்பாரம் எல்லா மரைகளின்மீதும் சமமாகப் பரவுவதில்லை. முதலாவதாகப் பொருந்தும் மரையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அடுத்தடுத்த மரைகள் தாங்கும் பங்கு குறைந்துகொண்டே போகிறது. எனவே முதல் மரை வெட்டுண்டால், அதன் பாரம் அடுத்த மரையின்மேல் விழும். அதுவும் வெட்டுண்டால் அதற்கடுத்ததன்மேல் விழும். மரை ‘திடீரென்று போய்விட்டது’ என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

மரை அழிவதற்கான காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது அளவுக்கு மிஞ்சிய முறுக்கு. எடை குறைவாகவும், வெப்பத்தை விரைவில் கடத்துவதாகவும் இருத்தல் வேண்டும் என்பதற்காக எஞ்சினின் கூட்டை அலுமினியக் கலவையால் வார்க்கிறார்கள். அதில் பூட்டும் போல்ட்டோ எஃகால் ஆனது. வன்மையும் மென்மையும் மோதினால் மென்மையே தோற்கும். போல்ட்டின் மரை நன்றாகவே இருக்க, துளையின் மரை சிதைந்துபோகிறது. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பத்து நியூட்டன் மீட்டர் அளவே பொதுவாகப் போதுமானது. பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஏழு கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தாலே இம்முறுக்கு கிடைத்துவிடும். அதே ஸ்பானரை இருபது கிலோ விசையுடன் இழுத்தால், தேவையானதைப் போல் மூன்று மடங்கு முறுக்கு ஏறிவிடுகிறது. நல்ல உடல்வலிமையுள்ள இளைஞர் ஒருவர் தம்மை அறியாமலே இவ்விசையைக் கொடுத்துவிடக் கூடும். ‘நன்றாக இறுக்கு’ என்று வாடிக்கையாளர் சொல்லும் சொல்லும் பல நேரங்களில் தீமையாகவே முடிகிறது.

இரண்டாவது காரணம் வெப்பமும் ஈரமும். சூடேறும்பொழுது அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. கொதிக்கும் எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கை வலிந்து கழற்றினால் மென்மையான அலுமினிய மரையும் உடன் உரிந்து வரலாம். எனவே எஞ்சின் ஆறிய பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும். மேலும், இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மழைநீர் புகுந்தால், மின்வேதி மாற்றத்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். அப்பொடி போல்ட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் புனே போன்ற ஊர்களில் இத்தொல்லை மிகுதி.

மூன்றாவது காரணம் பொருந்தாத போல்ட்டைப் பூட்டுவது. இதற்குச் சிறிது வரலாறு உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் விட்வர்த் என்பார் 1841ஆம் ஆண்டில் மரைகளுக்கு ஒரே அளவுமுறையை வகுத்தளித்தார். அம்முறையில் மரையின் கோணம் 55 பாகை; அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ரிக் மரையின் கோணமோ 60 பாகை. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கு வழிகோலிய சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சென்னையில் 1955ஆம் ஆண்டில் பூட்டத் தொடங்கப்பெற்ற என்பீல்டு புல்லட் வண்டி இங்கிலாந்தில் உருவானது. ஆதலின் பழைய புல்லட் வண்டிகளில் அங்குல மரைகள் பலவற்றைக் காணலாம். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண்பது அரிது. ஆனால் இரண்டின் மரை இடைவெளியும் வேறு. ஒன்றின் துளையில் மற்றொன்றைப் பூட்டினால் ஓரிரு சுற்றுகள் எளிதாகச் செல்லும், பின்னர்த் தடைப்படும். தடை கண்ட இடத்தில் நிறுத்தாமல் வலிந்து முறுக்குபவர் துளையை அழித்துவிடுகிறார். மரை பொருந்தாமையால் நகரங்களே துன்புற்றதுண்டு. 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டபொழுது, பிற நகரங்களிலிருந்து விரைந்து வந்த தீயணைப்புக் குழாய்களின் மரை அந்நகரின் நீர்க்குழாய்களோடு பொருந்தாமையால், வந்த உதவி முழுமையாகப் பயன்படவில்லை.

இனி, சீர்செய்யும் முறைகளைக் காண்போம். போல்ட்டை வெளியே எடுத்து அதன் மரைகளை உற்று நோக்குதல் வேண்டும். அவற்றினிடையே வெள்ளிக் கம்பி போன்ற அலுமினியச் சுருள்கள் சிக்கியிருந்தால், துளையின் மரை உரிந்துவிட்டது என்பது உறுதி. அந்நிலையில் நூலைச் சுற்றியும், செம்புக் கம்பியை நுழைத்தும், பசையைப் பூசியும் போல்ட்டை நிறுத்த முயல்வது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. இவை யாவும் கண்துடைப்பே. மரை என்பது பாரம் தாங்குவதற்காக அமைந்தது; நூலும் பசையும் இடைவெளியை நிரப்புமேயன்றி எண்ணூறு கிலோ பாரத்தைத் தாங்கமாட்டா. வண்டி பட்டறையை விட்டுப் போகும்வரை போல்ட்டு நிற்கும். பின்னர் அதிர்வினால் கழன்றுவிடும்.

வாயிலருகே உள்ள ஓரிரு மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால் கவலைக்கு இடமில்லை. அதே அளவுள்ள மரைவெட்டியை, அதாவது பட்டறைகளில் ‘டேப்’ என்று வழங்கும் கருவியை, எண்ணெய் தடவி மெல்லச் செலுத்தினால் மரை தெளிந்துவிடும். துளையின் அடிப்பகுதியில் பயன்படுத்தாத மரை எஞ்சியிருந்தால், சற்று நீளமான போல்ட்டைப் பூட்டிப் புதுப்பிடிப்பைப் பெறலாம். அதற்குமுன் மெல்லிய கம்பியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்துகொள்வது இன்றியமையாதது. போல்ட்டின் நுனி துளையின் அடியில் முட்டுமானால் அது உறுப்பை இறுக்காது, கூட்டையே பிளந்துவிடும்.

மரை முழுவதும் அழிந்திருந்தால் இரண்டு வழிகள் உள. துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு மரை வெட்டிப் பெரிய போல்ட்டைப் பூட்டுவது ஒன்று. ஆறு மில்லிமீட்டர் துளையை 6.8 மில்லிமீட்டர் அளவுக்குத் துளைத்து, எட்டு மில்லிமீட்டர் மரை வெட்டுவர். இது எளிய முறையே. எனினும் சுற்றிலும் போதிய உலோகம் இருத்தல் வேண்டும். மேல்மூடியின் துளையையும் பெரிதாக்க வேண்டும். பின்னாளில் வேறொருவர் அவ்விடத்தில் பழைய அளவு போல்ட்டைத் தேடித் திகைப்பதும் உண்டு.

மற்றொரு வழி, கம்பிச் சுருள் பொருத்துதல். ஹெலிக்காயில் என்னும் பெயரால் இது பட்டறைகளில் அறியப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான எஞ்சின்களிலேயே இம்முறை கையாளப்பட்டது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சாய்சதுர வடிவில் இழைத்துச் சுருளாக்கினால், அதன் வெளிப்புறம் ஒரு மரையாகவும் உட்புறம் ஒரு மரையாகவும் அமையும். வெளிமரை அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும். உள்மரை பழைய போல்ட்டையே ஏற்றுக்கொள்ளும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான சுருள் அலுமினியத்தை 7.3 மில்லிமீட்டர் விட்டத்தில் பற்றுகிறது. அதாவது பிடிக்கும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகிறது. போல்ட்டைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் எஃகோடு எஃகே உராய்வதால் தேய்மானமும் குறைவு. முறையாகச் செய்தால், சீர்செய்த துளை புதிய துளையினும் உறுதியாக நிற்கும் என்பது வெறும் புகழுரையன்று. இதனாலேயே, அடிக்கடி கழற்ற வேண்டிய இடங்களில் தொடக்கத்திலேயே இத்தகைய சுருளைப் பொருத்தி அனுப்புவதும் உண்டு.

இதனைச் செய்யும் முறையாவது: முதலில் துளைத்தூள் எஞ்சினுக்குள் விழாதவாறு திறந்த வாய்களையெல்லாம் தூய துணியால் அடைத்தல் வேண்டும். சுருளுக்குரிய அளவான துளைமுனையைக் கொண்டு பழைய மரையை நீக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இது 6.3 மில்லிமீட்டர். தேவையான ஆழத்தைத் துளைமுனையின்மேல் ஒட்டுநாடாவால் அடையாளமிட்டுக்கொண்டால், அளவுக்கு மீறித் துளைக்கும் பிழை நேராது. துளை சாய்ந்துவிட்டால் சுருளும் சாயும், போல்ட்டும் சாயும். ஆகவே மூலைமட்டத்தை இருபுறமும் வைத்துப் பார்த்து, நேர்குத்தாகத் துளைத்தல் வேண்டும். இப்பணியில் விரைவு வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும்.

அடுத்து, சுருளுடன் வரும் தனி மரைவெட்டியால் மரை வெட்டுதல் வேண்டும். சாதாரண மரைவெட்டி இதற்கு உதவாது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்ல வெட்டுநெய்யாகும். அரைச்சுற்று முன்னே செலுத்தி, கால்சுற்றுப் பின்னே திருப்பினால் சுருள்தூள் ஒடிந்து வழிவிடும். மரைவெட்டியின் பள்ளங்களில் கிரீஸ் தடவியிருந்தால் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். பின்னர்த் துளையைத் துடைத்து உலர்த்தி, சுருளை அதற்குரிய கருவியால், மேல் விளிம்புக்குக் கால் அல்லது அரைச்சுற்றுக் கீழே அமருமாறு திருகிச் செலுத்த வேண்டும். சுருளின் அடியில் குறுக்காக உள்ள சிறு நாக்கைத் தண்டொன்றை வைத்துத் தட்டி ஒடித்து, மறவாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக் துளையில் இவ்வேலை செய்யும்பொழுது அந்நாக்கு சிலிண்டருக்குள் விழுந்தால் பெருங்கேடு விளையும். ஆகவே அங்கு நீண்ட மூக்குடைய இடுக்கியால் பற்றிக்கொண்டே ஒடித்தல் வேண்டும். அவ்விடத்தில் ஐயம் தோன்றினால், எஞ்சின் தலையைக் கழற்றி மேசைமீது வைத்துச் செய்வதே அறிவுடைமை.

சுருளுக்கு மாற்றாக, உள்ளும் புறமும் மரை கொண்ட உருளைக் குழல்களைப் பொருத்துவதும் உண்டு. ஸ்பார்க் பிளக், வடிகால் போல்ட்டு முதலிய இடங்களுக்கு இவை மிகவும் ஏற்றவை. துளையின் சுவரே உடைந்துபோயிருந்தால், அலுமினியப் பற்றவைப்பால் நிரப்பி, மீண்டும் துளைத்து மரை வெட்ட வேண்டும். அது தேர்ந்த கைகளுக்குரிய வேலை. வெப்பத்தால் கூடு வளைந்துபோகாமல் காத்தல் எல்லோர்க்கும் இயலாது.

எவ்விடத்தில் சீர்செய்ய முற்படலாகாது என்பதை இனிக் கூறுவோம். பிரேக்கைத் தாங்கும் போல்ட்டுகள், முன்சக்கர அச்சைப் பிடிக்கும் போல்ட்டுகள், கைப்பிடித் தண்டை நிறுத்தும் போல்ட்டுகள் ஆகியவற்றின் மரை அழிந்தால், தயாரிப்பாளர் நூல் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அவ்வுறுப்பையே மாற்றிவிட வேண்டும். மூடியின் போல்ட்டு ஒன்று கழன்றால் எண்ணெய் சொட்டும். பிரேக்கின் போல்ட்டு கழன்றால் ஓர் உயிர் போகும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. மரை சிதைந்த போல்ட்டையும் நட்டையும் சீர்செய்ய முயல்வதும் வீண்வேலை. அவற்றின் விலை அற்பம். தூக்கியெறிந்து புதியன பூட்டுவதே முறை.

நோயை நீக்குவதினும் வாராமல் காத்தல் நன்று. போல்ட்டைப் பூட்டுமுன் மரையைத் தூரிகையால் துடைத்தல் வேண்டும். துளையின் வாயில் போல்ட்டை வைத்து, முதலில் இடப்புறமாகத் திருப்பினால், மரையின் முனைகள் சந்திக்கும் இடத்தில் சிறு ‘டக்’ என்ற உணர்வு விரல்களுக்குத் தெரியும். அதன் பின்னரே வலப்புறம் திருப்புதல் வேண்டும். தொடக்கச் சுற்றுகளை விரல்களாலேயே செலுத்த வேண்டும்; விரலால் செல்லாத போல்ட்டை ஸ்பானரால் செலுத்தலாகாது. பல போல்ட்டுகள் உள்ள மூடியை மூலைக்கு மூலையாக, இரண்டு மூன்று தவணைகளில் இறுக்க வேண்டும். வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர் இட்டால் மிகுதியாக முறுக்க வேண்டிய தேவையே எழாது. கையேட்டில் குறித்த அளவை அறிந்து, முறுக்களவு காட்டும் ஸ்பானரைப் பயன்படுத்துவது எல்லாவற்றினும் சிறந்தது. அக்கருவியின் விலை, ஒரு கிராங்க் கேஸ் மாற்றும் செலவை நோக்கப் பெரிதன்று.

இறுதியாக, பட்டறைத் தொழிலாளர்க்கும் வண்டி உடையார்க்கும் பொதுவான ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். மரை அழிவது தொழிலில் நேரக்கூடியதே. அதனை மறைப்பதே குற்றம். பசை பூசி மூடி அனுப்பிய பழுது, வேறொரு நாள், வேறொரு சாலையில், ஏதுமறியாதவர் ஒருவரை வீழ்த்தக்கூடும். ஆகவே மரை போயிற்று என்று கண்டவுடன் அதனை உடையவரிடம் தெரிவித்து, சீர்செய்ய வேண்டிய நேரத்தையும் செலவையும் கூறிவிடுதல் தொழில் ஒழுக்கமாகும். உடையாரும் அந்த ஓரிரு மணி நேரத்தைக் கொடுக்கத் தயங்குதல் கூடாது. காலை வேலைமுறைக்கு விரைந்து செல்லும் ஹடப்சர்த் தொழிலாளியும், திருவொற்றியூரிலோ கோவையிலோ வாழும் நம் நேயரும் மாலையில் நலமாக வீடு திரும்புவதற்கு, ஆறு மில்லிமீட்டர் துளையொன்றில் நேர்மையாகப் பொருத்திய கம்பிச் சுருளும் ஒரு காரணமாக இருக்கலாம்.